110 நிமிடத்துக்குள் ஒரு கையெழுத்து

எஃப்.டி.ஜி. (பெட் ஸ்கேனுக்கு ஊசியில் போடும் கதிரியக்கச் சர்க்கரை) பேட்ச் ஒன்றை நோயாளிக்குப் போடலாம் என்று கையெழுத்துப் போடும் நேரத்தில், அது கிருமியற்றது என்று சொல்லும் சோதனை முடிவு நம் கையில் இருக்காது. அந்தச் சோதனைக்கு 14 நாள் ஆகும். மருந்திலுள்ள கதிரியக்க ஃபுளோரின்-18-இன் அரை ஆயுளோ, அதாவது பாதி தேய்ந்துபோகும் நேரமோ, 110 நிமிடம்தான். 24 மணி நேரம் எடுத்து வைத்தால் எட்டாயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. அதனால் மருந்து முதலில் போகும், முடிவு இரண்டு வாரம் கழித்து வரும். மருத்துவமனை இமேஜிங் பிரிவில் கதிரியக்க மருந்துத் தயாரிப்புக்கு மேற்பார்வையாளராகப் போகிற யாரும் முதலில் ஜீரணிக்க வேண்டியது இதைத்தான். நான் அந்தப் பொறுப்புக்கு வந்த கதையையும் வந்தபின் நடந்ததையும் எழுதுகிறேன், இதே பாதையில் வருகிறவர்களுக்கு உதவலாம்.

அதற்கு முன்பு நான் ஹாட் செல் (கதிரியக்க மருந்து தயாராகும், ஈயக் கவசமிட்ட பெட்டி) பக்கம் வேலை பார்த்தவள். ஆக்சிஜன்-18 செறிந்த தண்ணீரை சைக்ளோட்ரான் என்ற துகள் முடுக்கியின் புரோட்டான் கற்றையில் காட்டி ஃபுளோரின்-18 எடுப்பது, அதைத் தயாரிப்புக் கருவிக்குள் அனுப்பி மேனோஸ் டிரைஃப்ளேட் என்ற மூலப்பொருளோடு சேர்ப்பது, பிறகு நீராற்பகுத்து, சுத்தம் செய்து, 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே குப்பிக்குள் இறக்குவது. கருவி ஏற்றப்பட்ட நிரல்படி அரை மணி நேரத்தில் தானே செய்துவிடும். அதைச் செய்யத் தெரிவதும் மேற்பார்ப்பதும் ஒன்றல்ல. செய்கிறவருக்கு அன்றைய பேட்ச் நன்றாக வந்தால் போதும். மேற்பார்வையாளருக்கோ, ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு ஊசியைச் சுட்டிக் காட்டி "இதைப் போட்டதற்கு என்ன ஆதாரம்?" என்று கேட்டால் காட்டத் தெரிய வேண்டும்.

பொறுப்பு ஒரே நாளில் கைமாறவில்லை. முந்தைய பொறுப்பாளரோடு உட்கார்ந்து அவர் ரிலீஸ் செய்யும் ஒவ்வொரு பேட்சின் காகிதத்தையும் நானும் தனியாகப் பார்த்து, 'போகலாம்', 'வேண்டாம்' என்று எழுதி வைத்துவிட்டு அதன் பிறகே அவர் முடிவைப் பார்ப்பேன். எரிச்சலான பழக்கம்தான், ஆனால் நான் எங்கெல்லாம் மேலோட்டமாகப் பார்க்கிறேன் என்பதை அது காட்டிக் கொடுத்தது. எண்கள் வரம்புக்குள் இருக்கிறதா என்று நான் பார்த்தேன். அவர், போன வாரத்தை விட இந்த வாரம் எண் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்தார். பி.ஹெச். 4.5-க்கும் 7.5-க்கும் நடுவில் எங்கே இருந்தாலும் தேர்ச்சிதான். ஆனால் எப்போதும் 6-ஐ ஒட்டி நிற்கிற மருந்து திடீரென்று 5-க்கு வந்தால், தேர்ச்சி பெற்றாலும் அவர் தயாரிப்புக் கருவியின் பதிவைத் திறந்து பார்ப்பார்.

அடுத்தது ஆட்களைத் தகுதிப்படுத்துவது. கிருமியின்மைச் சோதனை தாமதமாக வருவதால், கிருமி உள்ளே வராத மாதிரி வேலை நடக்கிறது என்பதை முன்கூட்டியே நிரூபித்து வைக்க வேண்டும். அதற்கு மீடியா ஃபில். மருந்துக்குப் பதிலாக நுண்ணுயிர் வளர்க்கிற சோயா-கேசின் ஊடகத்தை வைத்து முழு வேலையையும் அப்படியே செய்து, நிரப்பிய குப்பிகளை 14 நாள் வெதுவெதுப்பில் வைத்துக் கலங்குகிறதா என்று பார்ப்பது. இதைக் காலையில் தெம்பாக இருக்கும்போது செய்வதில் அர்த்தமில்லை, ஷிஃப்ட் முடியும் நேரத்தில், கை சோர்ந்திருக்கும்போது செய்ய வேண்டும் என்றேன். பல வருட அனுபவமுள்ள ஒருவர், "இத்தனை வருஷமா இதையேதான் செய்யறேன், இப்ப எனக்குப் பரீட்சையா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். முதலில் நானே அவர் முன்னால் செய்து காட்டினேன். அப்புறம் அவரும் செய்தார், ஒன்றும் பேசவில்லை.

அறையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இங்கே இரண்டு விதிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும். சுத்த அறை என்றால் உள்ளே அழுத்தம் அதிகமாக இருந்து காற்று வெளியே தள்ளப்பட வேண்டும், அப்போதுதான் வெளித்தூசி உள்ளே வராது. கதிரியக்கம் என்றால் காற்று உள்நோக்கி இழுக்கப்பட வேண்டும், அப்போதுதான் ஆவியாகும் கதிரியக்கம் வெளியே கசியாது. தீர்வு என்னவென்றால் அறையை நேர்மறை அழுத்தத்திலும் ஹாட் செல்லை எதிர்மறை அழுத்தத்திலும் வைத்து, செல்லுக்குள் நிரப்பும் இடத்தில் வடிகட்டிய காற்றை மேலிருந்து சீராக இறக்குவது. படத்தில் பார்க்க அழகாக இருக்கும். நடைமுறையில் யாரோ ஒரு கதவை ஒரு நிமிடம் திறந்து பிடித்துக்கொண்டு பேசினால் மானியின் முள் இறங்கிவிடும். கதவில் நின்று பேசுவதை நிறுத்துவதற்குத்தான் அந்தக் காலகட்டத்தில் அதிக சண்டை போட்டேன்.

பிறகு கடிகாரங்கள். இது எந்தப் பயிற்சியிலும் யாரும் எனக்குச் சொல்லித் தராத விஷயம். சைக்ளோட்ரான் கணினியில் ஒரு நேரம், கதிரியக்க அளவைக் காட்டும் டோஸ் காலிபிரேட்டரில் ஒரு நேரம், தரச் சோதனை அறைச் சுவரில் ஒரு நேரம், ஊசி போடும் அறையில் ஒரு நேரம். ஐந்து நிமிட வித்தியாசம் என்றால் ஃபுளோரின்-18-இல் கிட்டத்தட்ட 3 சதவீதம். டோஸ் காலிபிரேட்டர் 5 சதவீதத்துக்குள் சரியாக இருக்கிறதா என்று தினமும் சீசியம்-137 மூலத்தை வைத்துப் பார்க்கிறோம், பக்கத்துச் சுவரில் தொங்கும் கடிகாரம் அதில் பாதிக்கு மேல் தின்றுவிடும். எல்லாக் கடிகாரங்களையும் ஒரே நேர மூலத்தோடு இணைக்கச் சொல்லி, இணைக்க முடியாததை வாரம் ஒருமுறை சரிபார்த்துக் கையெழுத்துப் போட வைத்தேன்.

எலும்பு ஸ்கேன் போன்றவற்றுக்கான டெக்னீசியம் பக்கம் வேறு மாதிரி. அங்கே சைக்ளோட்ரான் இல்லை, மாலிப்டினம்-99 ஏற்றிய ஜெனரேட்டர்தான்; மாலிப்டினம் தேயத் தேய டெக்னீசியம் உண்டாகும். மாலிப்டினத்தின் அரை ஆயுள் 66 மணி நேரம், டெக்னீசியம்-99எம்-இன் அரை ஆயுள் 6 மணி நேரம். ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும், ஒரு வாரத்தில் சுமார் 17 சதவீதம்தான் மிஞ்சும். உப்புக் கரைசலை விட்டு டெக்னீசியத்தை எடுக்கும்போது மாலிப்டினமும் கசிந்து வந்துவிடக் கூடாது. எடுத்த குப்பியை ஈயப் பாத்திரத்தில் போட்டு டோஸ் காலிபிரேட்டருக்குள் இறக்கினால், டெக்னீசியத்தின் 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் கதிரை ஈயம் தடுத்துவிடும், மாலிப்டினத்தின் 740 அதைத் தாண்டி வரும். அமெரிக்க வரம்பு, ஒரு மெகாபெக்கரல் டெக்னீசியத்துக்கு 0.15 கிலோபெக்கரல் மாலிப்டினம்.

இதில் புதியவர்கள் கவனிக்காத ஒன்று, அந்த வரம்பு ஊசி போடும் நேரத்துக்கானது, காலையில் எடுக்கும் நேரத்துக்கானதல்ல. டெக்னீசியம் வேகமாகத் தேயும், மாலிப்டினம் மெதுவாகத் தேயும், எனவே விகிதம் ஏறிக்கொண்டே போகும். 12 மணி நேரத்தில் அது சுமார் மூன்றரை மடங்காகிவிடும். காலையில் 0.04 என்று பார்த்து, வரம்புக்கு எவ்வளவோ கீழே என்று நிம்மதியாக இருந்தால், இரவில் அதே குப்பி வரம்பை எட்டிக்கொண்டிருக்கும். படிவத்தில் 'இந்த மணி வரை பயன்படுத்தலாம்' என்று ஒரு கட்டம் சேர்த்தேன். அதைக் கணக்குப் போட்டு நிரப்பாமல் குப்பி வெளியே போகாது.

ஒருநாள் கேமரா அறையிலிருந்து கூப்பிட்டார்கள். எலும்பு ஸ்கேனில் இரைப்பையும் தைராய்டும் தெரிகிறதாம். இந்த ஸ்கேனுக்கான எம்.டி.பி. மருந்து எலும்புக்குப் போக வேண்டும், இரைப்பைக்கு அங்கே வேலையில்லை. இந்தப் படத்தைப் பார்த்தாலே தெரியும், கிட்டோடு (டெக்னீசியத்தைக் கலக்கும் மருந்துக் குப்பி) சேராத டெக்னீசியம், அதாவது தனி பெர்டெக்னிடேட், நிறைய இருக்கிறது. மீதமிருந்த மருந்தில் ஒரு சொட்டு எடுத்து, கலவையைப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில் வைத்து அசிட்டோனில் ஓட விட்டோம். தனி பெர்டெக்னிடேட் கரைப்பானோடு மேலே ஏறும், சேர்ந்த மருந்து கீழேயே நிற்கும். மேலே ஏறியது தெளிவாகத் தெரிந்தது, காலையில் இதே குப்பியைச் சோதித்தபோது அப்படி இல்லை. இடையில் என்ன நடந்தது? முதல் நோயாளிக்கு எடுத்தபின் இரண்டாவது நோயாளிக்கு எடுக்கும்போது சிரிஞ்சில் இழுக்கச் சிரமமாக இருக்கிறது என்று யாரோ கொஞ்சம் காற்றை உள்ளே தள்ளியிருந்தார்கள். கிட்டில் டெக்னீசியத்தைச் சேர வைப்பது வெள்ளீயம், அது காற்றில் பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து வேலை செய்யாமல் போய்விடும். கஷ்டமாக இருந்தாலும் காற்றை உள்ளே விடாதே என்று சொல்வது சுலபம். ஒவ்வொருவரும் மருந்து எடுக்கும்போது நின்று பார்ப்பதுதான் வேலை. அந்தக் குப்பியில் மிஞ்சியதை ஒதுக்கிவிட்டு நோயாளிக்கு வேறொரு நாள் மறுபடி ஸ்கேன் எடுத்தோம்.

இனி, எல்லாரும் கேட்கும் கேள்விக்கு வருகிறேன்: பேட்ச் தோற்றால் என்ன செய்வாய்? எஃப்.டி.ஜி. குப்பியை நிரப்பி முடித்ததும் அந்த வடிகட்டி ஓட்டையில்லாமல் இருந்ததா என்று குமிழிச் சோதனை செய்ய வேண்டும். நனைந்த வடிகட்டியின் ஒரு பக்கம் வாயு அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால், மறுபக்கம் தண்ணீரில் எப்போது குமிழி தொடர்ந்து வருகிறது என்று பார்ப்பது. தயாரித்தவர் குறிப்பிட்ட அழுத்தத்துக்கு முன்பே குமிழி வந்தால் தோல்வி. ஒருநாள் அப்படித்தான் குமிழி முன்பே வந்தது. எங்கள் நடைமுறையில், நனைவது சரியாக இல்லாமலோ இணைப்பு இறுகாமலோ தவறான தோல்வி வரலாம் என்பதால், ஒரே ஒருமுறை மறுபடி நனைத்துச் சோதிக்க இடமுண்டு. மறுபடியும் அதே இடத்தில் குமிழி.

கீழே நோயாளிகள் பல மணி நேரம் சாப்பிடாமல் காத்திருக்கிறார்கள், அவர்களுள் சர்க்கரை நோயாளிகளும் உண்டு. தொலைபேசி ஒலிக்கிறது. "என்னம்மா, இன்னும் எவ்வளவு நேரம்?"

"இந்த பேட்ச் வராது டாக்டர். வடிகட்டி தோற்றுவிட்டது. அடுத்தது போடச் சொல்லியிருக்கிறேன், பத்தரைக்கு மேல்தான்."

"மற்ற சோதனையெல்லாம் சரியா இருக்கா?"

"இருக்கு டாக்டர். அது போதாது."

அவர் பெருமூச்சு விட்டார், சரி என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், பசியோடு இருக்கிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பது அவர்தான். ஆனால் அந்த உரையாடல் அரை நிமிடத்தில் முடிந்ததற்குக் காரணம் என் துணிச்சல் இல்லை. இரண்டாவது முறை தோற்றால் ஒதுக்கப்படும் என்று முன்பே எழுதி, அவரும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தார். அவசரத்தில் எடுக்க வேண்டிய முடிவுகளை அவசரம் இல்லாத நாளில் எடுத்து வைப்பதுதான் மேற்பார்வையில் பெரும்பகுதி. இன்னொன்று, தொலைபேசி சோதனை செய்கிறவரிடம் போகக் கூடாது. அவர் பி.ஹெச். தாளின் நிறத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது 'சீக்கிரம்' என்ற வார்த்தை அவர் காதில் விழக் கூடாது. அன்று முதல் தரச் சோதனை அறையில் தொலைபேசியே இல்லை, எல்லாம் எனக்குத்தான் வரும்.

கதிரியக்கப் பாதுகாப்பைப் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், ஒன்றே ஒன்று மட்டும் சொல்கிறேன். மார்பில் மாட்டும் கதிர் அளவியில் அளவு குறைவாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். ஊசி நிரப்புகிறவரின் விரல்தான் அதிகம் வாங்குகிறது. கைக்கான ஆண்டு வரம்பு 500 மில்லிசீவர்ட், பெரிய எண்ணாகத் தெரியும், டங்ஸ்டன் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு வேலை பார்க்கிறவருக்கு அது அவ்வளவு பெரிதல்ல. மோதிர அளவியின் உணர்பகுதி உள்ளங்கைப் பக்கம் பார்த்திருக்க வேண்டும், பலர் நகை மாதிரி வெளிப்பக்கம் திருப்பி வைத்திருப்பார்கள். புதியவர்களுக்கு அளவு கூடுவதற்குக் காரணம் பெரும்பாலும் கவனக்குறைவு இல்லை, மெதுவாகச் செய்வது. எனவே கலர் தண்ணீரில் கை வேகம் வரும் வரை பழக வைத்துவிட்டுத்தான் உண்மை மருந்தைத் தொட விடுகிறேன்.

ஆய்வுக்கு வந்தவர் நாங்கள் அடுக்கி வைத்திருந்த எந்தக் கோப்பையும் முதலில் எடுக்கவில்லை. ஊசி அறையின் பதிவேட்டில் ஏதோ ஒரு வரியில் விரலை வைத்து, இங்கிருந்து பின்னால் போவோம் என்றார். ஊசி போட்ட நேரம், சிரிஞ்சில் அளந்த அளவு, அது வந்த குப்பி, அந்தக் குப்பியின் பேட்ச், அதன் எண்டோடாக்சின் (பாக்டீரியா நச்சு) சோதனை முடிவு, அந்தச் சோதனைக்குப் பயன்படுத்திய கார்ட்ரிட்ஜின் காலாவதித் தேதி, அன்றைக்கு வேலை பார்த்தவர் மீடியா ஃபில் முடித்திருந்தாரா, 14 நாள் கழித்துக் கிருமியின்மை முடிவு வந்தபோது அதை யார் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். நேரங்களை அவர் கால்குலேட்டரில் தேய்மானம் போட்டுச் சரிபார்த்தார், பொருந்தியது. கடைசிக் கேள்வி மட்டும் யோசிக்க வைத்தது: அந்த 14 நாள் சோதனை ஒருவேளை தோற்றால், அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்களை எவ்வளவு நேரத்தில் கண்டுபிடித்து அவர்கள் டாக்டரிடம் சொல்வீர்கள்? நடைமுறை எழுத்தில் இருந்தது, ஒத்திகை பார்த்ததில்லை. இப்போது ஆண்டுக்கு ஒருமுறை ஒரு பழைய பேட்ச் எண்ணை எடுத்து ஒத்திகை பார்க்கிறோம்.

இத்தனைக்கும் பிறகு வேலையை உண்மையில் இலகுவாக்கியது என்ன என்று கேட்டால், ஸ்கேன் நேர அட்டவணை. முன்பெல்லாம் முதல் நோயாளியின் ஊசி நேரத்தை இமேஜிங் பிரிவு முடிவு செய்து எங்களிடம் கொடுக்கும், நாங்கள் அதற்கேற்பப் பின்னோக்கி ஓடுவோம், சோதனைகளுக்கு மிஞ்சுவது என்ன மிஞ்சுகிறதோ அது. இப்போது அட்டவணை போடுகிறவர் முந்தைய நாள் மாலை எங்களோடு உட்காருகிறார். முதல் ஊசி அரை மணி நேரம் தள்ளிப் போனது. அதனால் 17 சதவீதம் மருந்து தேய்கிறது, அதற்கேற்ப சைக்ளோட்ரானைக் கொஞ்சம் முன்பே போட்டு அதிகம் எடுக்கிறோம். குமிழிச் சோதனையை ஒருமுறை மறுபடி செய்ய வேண்டி வந்தாலும் அந்த அரை மணிக்குள் அடங்கிவிடுகிறது.