எண்ணெய் சுட்ட புண்ணுக்கு வெள்ளிக் களிம்பு: எப்போது, எதுவரை

கல்யாணப் பலகாரத்துக்குப் பின்கட்டில் எண்ணெய்ச்சட்டி ஏறிவிட்டால், செட்டிநாட்டு வீடுகளில் சூட்டுக் காயமும் கூடவே வரும். சீடை வெடித்து எண்ணெய் தெறிக்கும். தேன்குழல் பிழிகிற கை வழுக்கும். உடனே ஒருவர் மருந்துக்கடைக்கு ஓடி சில்வர் சல்ஃபாடையசின் 1% களிம்பு வாங்கி வருவார். நல்ல மருந்துதான். ஆனால் அதன் வேலை கிருமியைக் கொல்வது. புண்ணை ஆற்றுவது அல்ல. இது தெரியாமல் பூசிக்கொண்டே இருப்பதால்தான் பல புண்கள் இழுத்துக்கொண்டு போகின்றன.

களிம்புக்கு முன்னால் தண்ணீர். குழாயடியில் 20 நிமிடம், ஓடுகிற தண்ணீரில். சூடு பட்டு 3 மணி நேரத்துக்குள் என்றால் தாமதமானாலும் பலன் உண்டு. ஐஸ், மஞ்சள், பற்பசை, பேனா மை எதுவும் வேண்டாம். வீங்குவதற்குள் வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். தோல் சிவந்ததோடு நின்றால் வெள்ளி தேவையே இல்லை.

காயம்பட்டவரின் உள்ளங்கை, விரல்களோடு சேர்த்து, உடம்பின் பரப்பில் ஏறக்குறைய 1%. பெரியவர்களுக்கு அப்படிப் பத்து உள்ளங்கை அளவு, பிள்ளைகளுக்கு ஐந்து என்றாலோ, முகம், கை, பாதம், மூட்டு, பிறப்புறுப்பில் பட்டிருந்தாலோ, எதையும் பூசாமல் சுத்தமான துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். களிம்பு அப்பியிருந்தால் காயத்தின் ஆழம் தெரியாது. டாக்டர் அதை வழித்தெடுத்த பிறகுதான் பார்க்கமுடியும். அந்த வலி முழுவதும் நோயாளிக்குத்தான்.

வெள்ளி உலோகமாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் செய்யாது. அயனியாகக் கரைந்து வரும்போதுதான் கிருமியின் புரதங்களில் உள்ள கந்தகத்தைப் பற்றி அவற்றை முடக்குகிறது. 1965இல் மோயர் என்ற அமெரிக்க மருத்துவர் தீக்காயத்துக்கு 0.5% சில்வர் நைட்ரேட் கரைசலில் நனைத்த கட்டுகளைப் பயன்படுத்தினார். படுக்கையெல்லாம் கறுத்தது, அதைவிட மோசம், புண் வழியே உடம்பின் சோடியம் வெளியேறியது. 1968இல் ஃபாக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் வெள்ளியைச் சல்ஃபா என்ற கிருமிக்கொல்லி மருந்தோடு சேர்த்தபோதுதான் இன்றைய களிம்பு பிறந்தது.

டாக்டர் எழுதிக்கொடுத்தால், சுத்தமான கையுறை போட்டு ஒன்றரை மில்லிமீட்டர் கனத்தில் பூசவேண்டும். நாளைக்கு ஒருமுறை அல்லது இருமுறை. ஒவ்வொரு முறையும் பழையதை முழுக்கக் கழுவவேண்டும், மேலேயே அப்பக்கூடாது. சில நாளில் மஞ்சளும் சாம்பலுமாக ஒரு படலம் படியும். அது பெரும்பாலும் சீழ் அல்ல. களிம்பும் புண்நீரும் கலந்தது. சீழென்று பயந்து சுரண்டினால் புதுத்தோலும் கூடவே வரும். நாற்றம், காய்ச்சல், சுற்றிலும் பரவுகிற சிவப்பு இருந்தால் அது வேறு, அன்றே காட்டுங்கள்.

புண் சுத்தமாகி இளஞ்சிவப்புச் சதை தெரிந்ததும் களிம்பை நிறுத்தலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வளர்ந்துவரும் தோல் செல்களையும் வெள்ளி பாதிக்கும். அதன்பின் பாரஃபின் காஸ் (புண்ணில் ஒட்டாதபடி பாரஃபின் தடவிய வலைத்துணி) போதும்.

சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள், பிரசவம் நெருங்கிய பெண்கள், இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்தக் களிம்பு கூடாது. ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி பிறவியிலேயே குறைவு) உள்ளவர்களும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும்.

வெள்ளி சேர்த்த கட்டுத்துணிகளும் வருகின்றன. நானோ வெள்ளிக் (மிக நுண்ணிய வெள்ளித் துகள் பூசிய) கட்டை நனைக்க சலைன் என்ற உப்புநீர் வேண்டாம், கிருமி நீக்கிய ஸ்டெரைல் வாட்டர்தான். உப்பின் குளோரைடு வெள்ளி அயனியைப் பிடித்துப் படியவைத்துவிடும். எம்ஆர்ஐ எடுக்கப் போனால் உள்ளே வெள்ளிக் கட்டு இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சர்க்கரைப் புண்ணுக்குக் கட்டு மட்டும் மாற்றிப் பயனில்லை. சர்க்கரை, ரத்த ஓட்டம், பாதத்தில் விழும் அழுத்தம் மூன்றையும் பார்த்தாகவேண்டும்.

கல்யாணச் சீராக வந்த வெள்ளிக் கிண்ணத்தில் ஊறிய தண்ணீரால் புண் கழுவுவதில் பலனில்லை. ‘கூழ்ம வெள்ளி’ என்று விற்கும், நுண்ணிய வெள்ளித் துகள் மிதக்கும் நீரைக் குடிக்கவே குடிக்காதீர்கள்: தோல் நீலச்சாம்பலாக மாறினால் அந்த நிறம் திரும்பப் போகாது.