சட்டம்பியின் சைக்கிள்

இந்த முறை எங்கள் பழைய மாணவர் மலர்க்குழு என்னிடம் கேட்டது கிரிக்கெட்டைப் பற்றியும் அல்ல, பழைய அதிபரைப் பற்றியும் அல்ல. "அண்ணை, உங்கட வகுப்பு அணியிலை நடந்த அந்தக் கலியாணக் கதையை எழுதித் தாங்கோ. ஒவ்வொரு ஒன்றுகூடலிலையும் ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுகினம்" என்று தம்பிமார் தொலைபேசியில் நச்சரித்துவிட்டார்கள். சரி, எழுதுகிறேன். சொந்தப் பெயர்கள் வராது, பட்டப்பெயர் போதும். எங்கள் வகுப்பில் சிலருடைய சொந்தப் பெயரே எனக்குக் கலியாணக் கார்டில் பார்த்துத்தான் தெரியும்.

மாப்பிள்ளை, டைனமோ. பெண்ணின் தமையன், சட்டம்பி. பெண்ணை அன்றும் இன்றும் நாங்கள் தங்கச்சி என்றே கூப்பிடுவதால் அவளுக்குப் பட்டப்பெயர் தேவைப்படவில்லை.

டைனமோவுக்கு அந்தப் பெயர் வந்த விதத்தை இங்கே கனடாவில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்லிவிடுகிறேன். 1990 ஆனியில் சண்டை திரும்பவும் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. பற்றரி, தடைசெய்யப்பட்ட பொருள். செய்தி கேட்க வேண்டுமென்றால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற மின்னைக் கொண்டு றேடியோவைப் பேசவைக்க வேண்டும். கை சோர்ந்தால் பி.பி.சி. தமிழோசையும் சோர்ந்துவிடும். எங்கள் ஒழுங்கையில் அந்த உத்தியோகம் அவனுடையது. செய்தி முடியும்வரை ஒரே சீராகச் சுற்றுவான். சுற்றிலும் நிற்கிற பெரிசுகள் "வேகமாய்ச் சுத்தடா" என்றாலும் சரி, "மெல்லச் சுத்தடா" என்றாலும் சரி, காதில் போட்டுக்கொள்ள மாட்டான்.

சட்டம்பி வகுப்பு மொனிற்றர். சேர் வராத பாடத்துக்குக் கதைத்தவர்களின் பெயரை எழுதி, சேர் வந்ததும் ஒப்படைக்கிற சாதி. ஒருமுறை தன்னுடைய பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்து அடி வாங்கினவன். அப்படிப்பட்டவனின் தங்கச்சியை எங்களுக்குள் ஒருவன் விரும்புகிறான் என்றால் மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்காதா?

தொடங்கியது ஜாம் போத்தல் விளக்கடியில். மண்ணெண்ணெய் விற்ற விலைக்கு ஆளுக்கொரு விளக்கு வைத்துப் படிக்கக் கட்டாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சைப் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, கம்பியில் திரியைக் கோத்து இறக்கினால் அந்தச் சின்ன வெளிச்சத்தில் மூன்று பேர் படிக்கலாம். சட்டம்பி வீட்டு விறாந்தையில் உயர்தரக் கணிதம் அப்படித்தான் படித்தோம். ஒன்பது மணிக்குத் தங்கச்சி பிளேன்ரீ கொண்டுவருவாள். சீனி இல்லை, பனங்கட்டி. எனக்கு ஒரு துண்டு, தமையனுக்கு ஒரு துண்டு, டைனமோவுக்கு இரண்டு. வகுப்பிலேயே கணக்கில் கெட்டிக்காரனான அவனுக்கு அந்தக் கணக்குப் பிடிபட ஒரு மாதம் எடுத்தது. எனக்கு அன்றைக்கே பிடிபட்டுவிட்டது.

பிடிபட்டதும் என்னிடம் ஓடிவந்தான். அவனுடைய எழுத்து வைத்தியர் எழுதித் தருகிற மருந்துத் துண்டு மாதிரி. எழுத்துப் பிழையும் தாராளம். எனக்குத் தமிழ்த்தினப் போட்டியில் கட்டுரைக்குப் பரிசு கிடைத்திருந்தது. ஆகவே அவன் சொல்ல நான் எழுதுவது என்று ஏற்பாடு. அவன் சொல்வது இரண்டு வரி, நான் எழுதுவது இரண்டு பக்கம். "நல்லூர்த் தேருக்கு வருவீரா எண்டு கேள்" என்பான். நான் நிலவு, கடல், வீதியோரத்துப் பூவரசு எல்லாவற்றையும் சுற்றிவந்து தேரடியில் நிற்பேன். எழுதத் தாள் கிடைக்காத காலத்தில் அது பெரிய ஊதாரித்தனம்.

கடிதத்தைச் சேர்ப்பிப்பதுதான் பிரச்சினை. அவள் படிப்பது வேறு பள்ளிக்கூடம். ரியூசனும் வேறு கொட்டில். வீட்டில் கொடுக்கலாமென்றால் சட்டம்பி கண்ணை எடுக்க மாட்டான். ஒரு நாள் பள்ளிக்கூடச் சைக்கிள் தரிப்பிடத்தில் டைனமோ கண்டுபிடித்தான்: பகலில் நாங்கள் தொடக்கூடியதும் இரவில் அவள் தொடக்கூடியதுமான பொருள் ஒன்று இருக்கிறது. சட்டம்பியின் லுமாலா சைக்கிள். அதன் கைபிடி றப்பர் இரண்டும் நாள்பட்டு நெகிழ்ந்துபோய் இருந்தன. புதுசு வாங்கச் சாமான் இல்லை. றப்பரைத் திருகிக் கழற்றினால் உள்ளே வெறும் குழாய். கடிதத்தைச் சுருட்டிக் குழாய்க்குள் விட்டு றப்பரைத் திரும்ப மாட்டினால் முடிந்தது. வலப்பக்கம் போகிற தபால், இடப்பக்கம் வருகிற தபால். முதல் தகவலை மட்டும் அவளுடைய புத்தகத்துக்குள் துண்டு வைத்துச் சொன்னோம். அதன்பின் ஒன்றரை வருசம் தன் தங்கச்சியின் காதல் கடிதங்களைச் சட்டம்பி தன் இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு யாழ்ப்பாண வீதியெல்லாம் மிதித்தான். ஊரில் வேறு எந்தத் தபாலும் அவ்வளவு ஒழுங்காக ஓடவில்லை.

ஆபத்து வராமலில்லை. ஒருமுறை சைக்கிளைக் கிறீஸ் போடக் கொண்டுபோய்ச் சந்திக் கடையில் விட்டுவிட்டான். அன்று வலப்பக்கத்தில் ஐந்து பக்கம் இருந்தது (பெருமையாகச் சொல்கிறேன்). டைனமோ கடைக்கு முன்னால் குட்டி போட்ட பூனையாய் நடந்தான். மாலையில் கடைக்கார அண்ணை அவனைக் கிட்டக் கூப்பிட்டு, கையைப் பழந்துணியில் துடைத்தபடியே சொன்னாராம்: "தம்பி, கொஞ்சம் மெல்லிசாய் உருட்டு. றப்பர் வெடிக்கப்போகுது." அவ்வளவுதான். வேறு ஒரு சொல் இல்லை. அடுத்த கிழமையிலிருந்து நான் சின்ன எழுத்தில் எழுதத் தொடங்கினேன்.

1995 ஐப்பசியில் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. சூரியக்கதிர் இராணுவ நடவடிக்கை தொடங்கி ஷெல் சத்தம் கிட்டக் கிட்ட வந்தது. அதே கிழமையில் தங்கச்சிக்குச் சுவிஸிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அவளுடைய அப்பாவுக்கு வெளிநாட்டு மாப்பிள்ளை என்றால் கேட்கவே தேவையில்லை. டைனமோ ஒரு முழுநாள் பேசாமல் இருந்துவிட்டு, பிறகு சொன்னான்: "என்னிட்டை என்ன கிடக்கு? அவளைப் போகச் சொல்லி எழுது." நான் மறுத்துப் பார்த்தேன். கேட்கவில்லை. சரி, எழுதுவதென்று வந்தபின் அரைகுறையாக எழுத எனக்கு வராது. "தியாகம்" என்ற சொல் மட்டும் நாலைந்து இடத்தில் வந்திருக்கும். சங்கக்கடை வரிசையில் சட்டம்பி நின்றபோது டைனமோ அதை வலப்பக்கத்தில் செருகினான். அது ஒக்ரோபர் 30, பகல்.

அன்று மாலை ஒலிபெருக்கி பூட்டிய வாகனங்கள் வந்தன. எல்லோரும் உடனே வெளியேறச் சொன்னார்கள். அந்த இரவைப் பற்றி இந்த மலரிலேயே பலர் எழுதியிருக்கிறார்கள். வலிகாமத்துச் சனமெல்லாம் ஒரே இரவில் தென்மராட்சிப் பக்கம் நகர்ந்தது. கண்டி வீதியில் நாவற்குழிப் பாலத்தைக் கடக்க விடிந்துவிட்டது. மழை வேறு. சட்டம்பி அந்தச் சைக்கிளில் இரண்டு கைபிடியிலும் பைகளைக் கொழுவி, கரியரில் தாயின் தையல் மெசினைக் கட்டி உருட்டிக்கொண்டு போனதை நான் கண்டேன். அப்பாச்சி சீற்றைப் பிடித்தபடி நடந்தார். அந்த நேரத்தில் கடிதத்தை யார் நினைத்தது?

அவர்கள் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் இருந்தார்கள். நாங்கள் மீசாலையில். சில கிழமைகள் கழித்துச் சந்தையில் அந்த லுமாலாவைக் கண்டு, பழக்கதோசத்தில் டைனமோ இடப்பக்கத்தைத் திருகியிருக்கிறான். உள்ளே கடிதம். "நீங்கள் சொன்னபடியே காத்திருக்கிறேன். எத்தனை வருசமென்றாலும்." நேரே என்னிடம் வந்து சட்டையைப் பிடித்தான்.

"நீ என்னடா எழுதினனி?"

"நீ சொன்னதைத்தான்."

"போகச் சொல்லி எழுதச் சொன்னால் காத்திருக்கச் சொல்லி எழுதினியா?"

கோயில் கற்பூரத்தில் அடித்துச் சத்தியம் செய்தாலும் அவன் நம்பவில்லை. கோபிக்கவும் இல்லை என்பதுதான் கொடுமை. நான் அவனுடைய நன்மைக்காகத் திருட்டுத்தனம் செய்துவிட்டேன் என்று தானே முடிவுகட்டி, கண்கலங்கி என்னைக் கட்டிப்பிடித்தான். செய்யாத உதவிக்கு நன்றி வாங்குவதைப் போல ஒரு அந்தரம் வேறு இல்லை.

1996 சித்திரையில் இராணுவம் தென்மராட்சிக்கும் வந்தபோது அவர்கள் கிளாலிக் கடலேரியால் வன்னிக்குப் போய்விட்டார்கள், நாங்கள் வலிகாமத்துக்குத் திரும்பினோம். அவளுக்கு மல்லாவி. அவனுக்குக் காங்கேசன்துறைக் கப்பலில் திருகோணமலை, கொழும்பு, பிறகு ஏஜென்சிக்காரனின் புண்ணியத்தில் ரொறன்ரோ. சுவிஸ் சம்பந்தம் இடப்பெயர்விலேயே கலைந்துபோயிருந்தது. கடிதங்கள் மாதக்கணக்கில் பிந்திப் போயின, வந்தன. அவற்றை அவனே எழுதினான். எழுத்துப் பிழைகளோடுதான்.

2002 சித்திரையில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற ஏ-9 பாதை திறந்தது. அடுத்த வருசம் ஆவணியில் நல்லூரடியில் ஒரு மண்டபத்தில் கலியாணம். பெண்ணின் அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "கனடா மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு நின்றார். அவர் வீட்டு விறாந்தையில் பனங்கட்டி கடித்த பெடியன்தான் அது என்பது அவருக்கு நினைவிருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நாங்கள் நாலைந்து பேர் கனடாவிலிருந்து போயிருந்தோம். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் ஒருமுறை, முகமாலைச் சோதனைச்சாவடியில் ஒருமுறை கூறைச்சேலைப் பெட்டியைத் திறந்து காட்டிக் காட்டியே அதன் மடிப்புக் குலைந்துவிட்டது.

எங்கள் வழக்கத்தில் மண்டப வாசலில் பெண்ணின் சகோதரன்தான் தோழன். மாப்பிள்ளையின் காலை அவன் கழுவ, மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட வேண்டும். தம்பி இல்லாத வீடு. ஆகவே சட்டம்பியே செம்போடு வந்தான். மேளம் முழங்குகிறது, வீடியோக்காரன் வெளிச்சத்தைப் பிடிக்கிறான். சட்டம்பி குனிந்து காலைக் கழுவித் துடைத்தான். டைனமோ மோதிரத்தை எடுத்து நீட்டினான். சட்டம்பி விரலை நீட்டவில்லை. மொனிற்றர் முகத்தோடு நிமிர்ந்து பார்த்து, "மோதிரம் கிடக்கட்டும். ஒன்றரை வருசத் தபால் கூலி எங்கை?" என்றான்.

டைனமோவின் கையிலிருந்து மோதிரம் விழுந்து செம்புத் தண்ணீருக்குள் போனது. வீடியோவில் இருக்கிறது, கேட்டால் போட்டுக் காட்டுவார்கள். ஐயர் முகூர்த்தம் தவறுகிறதென்று கத்துகிறார். நாங்கள் தோழர்கள் பட்டாளம் மணவறைப் பக்கமே போகாமல் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அழுதவர்களும் உண்டு.

அன்றிரவு பந்தி முடிந்து வாழையிலை அள்ளியபின் சட்டம்பியைத் தனியே பிடித்தேன். முதல் மாதத்திலேயே தெரியுமாம். கைபிடி வழுக்குகிறதென்று கழற்றியிருக்கிறான். முதல் கடிதத்தை மட்டும் வாசித்துவிட்டுத் திரும்ப வைத்தானாம். "பிறகேன்ரா பேசாமல் இருந்தனி?" என்று கேட்டேன். "மறிச்சால் வேறை வழி பாப்பாங்கள். அது எனக்குத் தெரியவராது. என்ரை சைக்கிளிலை போனால் போறதாவது எனக்குத் தெரியும்" என்றான். சட்டம்பிதானே.

"அப்ப அந்தக் கடைசிக் கடிதம்?"

அதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. சாவகச்சேரியில் றப்பரைக் கழற்றியபோது மழைத்தண்ணீர் புகுந்து கடிதம் ஒரே கட்டியாக ஒட்டிப்போய் வந்ததாம். தங்கச்சி பக்கத்தில் வந்துவிட்டாள். இனி மறைக்க முடியாது. அவள் கேட்டது ஒரே கேள்வி: "என்ன எழுதிக்கிடந்தது?" வீடில்லை, வாசலில்லை, பிள்ளை சாப்பிடாமல் கிடக்கிறாள். அவன் வாயில் வந்தது, "நனைய முதல் வாசிச்சனான். காத்திரு எண்டு எழுதிக்கிடந்தது." கட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் அள்ளப் போய்விட்டானாம். உண்மையில் அதில் என்ன இருந்தது என்று நான் சொன்னபோது தலையில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டான். ஒருவருக்கும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கினான். அதனால் டைனமோவின் நன்றியை நான் தொடர்ந்து வாங்கிக்கொண்டிருந்தேன். என்னுடைய பிள்ளைகளின் பிறந்தநாளுக்கெல்லாம் அவன் கொண்டுவந்த பரிசுகளின் பருமனுக்கு அதுதான் காரணம்.

இந்தக் கட்டுரைக்காகப் போன மாதம் தங்கச்சியிடம் அனுமதி கேட்கப் போனேன். டைனமோ வேலையால் வர நேரமிருந்தது. சத்தியத்தைக் காப்பாற்றியபடியே, அந்த நனைந்த கடிதத்தைப் பற்றி எழுதலாமா என்று சுற்றிவளைத்துக் கேட்டேன். தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"அண்ணை, போல்பொயின்ற் மை தண்ணியிலை கரையுமே? அண்டைக்கு இரவே விளக்குச் சூட்டிலை ஒவ்வொரு மடிப்பாய்ப் பிரிச்சுக் காயவைச்சு முழுக்க வாசிச்சனான்."

"பிறகேன் காத்திருக்கிறன் எண்டு எழுதினனீர்?"

"பின்னை? எங்கட அண்ணா வாழ்க்கையிலை சொன்ன முதல் பொய். அதை வீணாக்கலாமே? அதோடை, அந்தத் தியாகமெல்லாம் இவர் எழுதேல்லை எண்டு எனக்குத் தெரியும். இவருக்கு இண்டைக்கும் அந்தச் சொல்லைப் பிழையில்லாமல் எழுதத் தெரியாது. எழுதின ஆளிட்டைத்தான் எனக்குக் கொஞ்சம் கோவம்."

அவளுக்கே தெரியுமென்றால் எழுது என்று சட்டம்பியும் தொலைபேசியில் சொல்லிவிட்டான். ஆக இது தெரியாத ஒரே ஆள் டைனமோதான். அவன் சந்தாவை ஒழுங்காகக் கட்டுகிறவன், மலர் வீட்டுக்குப் போய்ச் சேரும். பிறந்தநாள் பரிசுகளைத் திருப்பித் தர முடியாது என்பதை இங்கேயே அறியத்தருகிறேன்.