பழைய இன்ஜின் சாமான்களைப் பிரித்து விற்பது: பட்டர்வொர்த்தில் செய்து பார்த்த குறிப்புகள்

கையில் இருப்பவை: பழைய புரோட்டோன் சாகா இஸ்வாராவின் 1.3 இன்ஜின் (4ஜி13), நான்கு 13 அங்குல அலோய் ரிம், இரண்டு ரேடியேட்டர், மூன்று ஆல்டர்னேட்டர், ஒரு ஸ்டார்ட்டர், ஏர்கோன் கம்ப்ரசர், பிரேக் டிஸ்க், ஒரு கட்டு வயர், செத்த பேட்டரி இரண்டு. எல்லாம் இன்ஜின் மாற்றியதிலும் ரிப்பேரிலும் மிஞ்சியவை. வேலை நடப்பது வீட்டுப் பின்புறம், தகரக் கூரைக்கு அடியில். நனையாத இடம் முக்கியம். ஈரமும் சேறும் ஒட்டிய சாமானுக்கு எடையில் கழிக்காத கடை கிடையாது.

இந்தக் குவியலை அப்படியே லோரியில் ஏற்றிக் கொண்டுபோனால், தவுக்கே (பழைய இரும்புக் கடை முதலாளி) ஒரு சுற்று பார்த்துவிட்டு "சம்போர்" என்று ஒரே விலை சொல்வார். அந்தக் கலப்பு விலை குவியலில் உள்ள மலிவான உலோகத்தை ஒட்டித்தான் இருக்கும். அலுமினியத்தில் இரும்பு போல்ட் மாட்டியிருந்தால் அதைக் கழற்றும் ஆள் கூலியையும் சேர்த்துக் கழிப்பார். அது நியாயம்தான். அந்த வேலையை நாம் செய்துவிட்டால் காசு நமக்கு வரும். ஆனால் கடைசி ஸ்குரூ வரை பிரித்துக்கொண்டே போனாலும் நஷ்டம், ஆகவே எங்கே நிறுத்துவது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஸ்பேனரைத் தொடுமுன் ஒரு வேலை: ஓடக்கூடிய சாமானை ஒதுக்க வேண்டும். பழைய சாகா வைத்திருப்பவர்கள் கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஃப்ளைவீல் எல்லாவற்றையும் இன்னும் தேடுகிறார்கள். ரீகண்டிஷன் செய்யும் கடைகள் ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் முழுசாகவே எடுக்கும். ஹாஃப்கட் கடையில் (பழைய கார் பாகங்கள் விற்கும் கடை) ஒரு தடவை விசாரித்த பிறகு எது எடைக்குப் போகிறது என்று முடிவு செய்யலாம். சுத்தியல் பட்ட பிறகு அந்தக் கேள்விக்கே இடமில்லை. பிளாக்கில் உள்ள இன்ஜின் எண்ணையும் படம் எடுத்து, இன்ஜின் மாற்றியதற்கான ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) தாளோடு வைத்துக்கொள்ளவும். 1946ஆம் ஆண்டு பழைய பொருள் வணிகர் சட்டத்தின்படி உரிமம் உள்ள கடைக்காரர், விற்பவர் யார் என்று குறித்துக்கொள்வார். அடையாள அட்டையும் இந்தத் தாளும் கையில் இருந்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.

ரகம் பிரிக்கத் தேவையான கருவிகள் இரண்டுதான்: காந்தம், அரம். காந்தம் ஒட்டினால் இரும்பு விலை. சைலன்சர் குழாய் துரு ஏறாமல் ஸ்டெயின்லெஸ் போலத் தெரிந்தாலும், காந்தம் ஒட்டும் ரகத்துக்கு 304 ரக ஸ்டெயின்லெஸ்ஸின் விலை கிடைக்காது. ஒட்டாததை அரத்தால் ஒரு இழு இழுத்தால் உள்நிறம் தெரியும். வெள்ளையாக இருந்து கைக்கு லேசாக இருந்தால் அலுமினியம். வெள்ளையாக இருந்தும் கனமாக இருந்தால் துத்தநாக வார்ப்பாக இருக்கலாம். குரோம் பூசிய கதவுக் கைப்பிடி பெரும்பாலும் இந்த ரகம். அலுமினியம் ஒரு கன சென்டிமீட்டருக்கு 2.7 கிராம், துத்தநாகம் 7.1 கிராம், அதனால் கையில் தூக்கினாலே வித்தியாசம் புரியும். அலுமினிய மூட்டையில் துத்தநாகம் கலந்திருப்பதைக் கடைக்காரர் பார்த்துவிட்டால் மூட்டை முழுவதும் கலப்பு விலைக்கு இறங்கிவிடும்.

இன்ஜினில் முதலில் எண்ணெயை வடிக்க வேண்டும். இன்ஜின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போது வடித்தால்தான் முழுக்க இறங்கும்; ஓடாத இன்ஜின் என்றால் ஓர் இரவு சாய்த்து வைப்பது நல்லது. பழைய எண்ணெய் 2005ஆம் ஆண்டு அபாயக் கழிவு விதிமுறைகளில் எஸ்டபிள்யூ305 என்ற ரகம். லோங்காங்கில் (சாக்கடையில்) ஊற்றக்கூடாது. மூடியுள்ள தோம்பில் (டிரம்மில்) சேர்த்து, எண்ணெய் சேகரிப்பவர் வந்து எடுக்கும் வொர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடலாம்.

4ஜி13இல் பிளாக் வார்ப்பிரும்பு, சிலிண்டர் ஹெட் அலுமினியம். காசு ஹெட்டில்தான். ராக்கர் ஷாஃப்ட், கேம் ஷாஃப்ட், ஸ்டட், ஸ்பார்க் பிளக் எல்லாம் கழன்ற பிறகு 12 வால்வுகள் மிஞ்சும். எடைக்குப் போகிற ஹெட்டுக்கு வால்வ் ஸ்ப்ரிங் கம்ப்ரசர் தேடி அலைய வேண்டாம். ஹெட்டைத் தரையில் சமமாக வைத்து, வால்வ் முகத்துக்குக் கீழே அசையாதபடி துணியைச் சுருட்டித் திணிக்கவும். ரிட்டெய்னரின் (ஸ்ப்ரிங்கின் மேல் உள்ள மூடித் தட்டு) மேல் பொருந்தும் அளவு சாக்கெட்டை நேராக நிறுத்தி, சுத்தியலால் ஒரே அடி. ஸ்ப்ரிங் அமுங்கும் அந்தக் கணத்தில் இரண்டு பூட்டுத் துண்டுகளும் கழன்று சாக்கெட்டுக்குள் விழும். சாக்கெட் சாய்ந்திருந்தால் ஸ்ப்ரிங் பக்கவாட்டில் பாயும், ஆகவே கண்ணாடி போடாமல் இதைத் தொடக்கூடாது. பூட்டு இறுகிப்போன வால்வுக்கு முதலில் லேசாக நாலு தட்டு, பிறகு பலமாக ஒன்று.

வால்வ் சீட்டும் கைடும் அலுமினியத்துக்குள் அழுத்திப் பொருத்தியவை, அதைத் தோண்டாதீர்கள். மொத்த எடையில் அது அற்பம். காந்தம் அங்கே ஒட்டும் என்று தெரிந்த கடைக்காரர் அதற்காக விலையைக் குறைக்கமாட்டார். குறைக்கிறேன் என்பவரிடம் வேறு கடை விலையைச் சொல்லுங்கள்.

இன்டேக் மேனிஃபோல்ட் அலுமினியம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. பிஸ்டனில் ரிங்கும் பின்னும் எடுக்க வேண்டும். அழுத்திப் பொருத்திய பின் அசையாவிட்டால் கனெக்டிங் ராடோடு இரும்பில் போட்டுவிடலாம், நான்கு பிஸ்டனுக்காக அரை நாள் போகக்கூடாது. பிளாக், கிராங்க், பிரேக் டிஸ்க் எல்லாம் கனமான இரும்புக் குவியலுக்கு. தகரத்தோடு கலக்காமல் தனியாக வைத்தால் கூடுதல் விலை கேட்கலாம்.

அலோய் ரிம் வேலை குறைவு, பலன் அதிகம். டயரை டயர் கடையில் கழற்றி அங்கேயே விட்டுவிடுங்கள், சிறு கட்டணம் கேட்டாலும் பரவாயில்லை. டயரில் மழைத் தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும். இரும்புக் கடையும் டயரை எடுக்காது. வால்வு, பேலன்ஸ் ஈயக்கட்டி, நடுமூடி மூன்றையும் நீக்கினால் ரிம் சுத்தம். குரோம் பூசிய ரிம்முக்கு விலை ஒரு படி குறையும், அதைச் சுரண்ட முடியாது, தனியாக வைக்கவும். ஈயக்கட்டியை ஒரு டின்னில் சேர்த்து வாருங்கள்.

ரேடியேட்டர் இரண்டும் ஒரே ரகமல்ல. மாற்றிப் போட்டது அலுமினியம். பிளாஸ்டிக் தொட்டியைப் பற்றியிருக்கும் ஓரப் பல்லை ஸ்குரூ டிரைவரால் நிமிர்த்தினால் தொட்டி முழுசாக வந்துவிடும். பழையது செம்பும் பித்தளையும், ஈயப் பற்றுவைப்போடு. அதில் இரும்பு பிராக்கெட்டையும் விசிறி தாங்கியையும் மட்டும் கழற்றினால் போதும். ரேடியேட்டர் என்றே அதற்குத் தனி விலை உண்டு, உருக்கவும் வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம்.

ஆல்டர்னேட்டரில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். புல்லி நட்டை இம்பேக்டால் கழற்றி, நீளப் போல்ட்டை எடுத்தால் அலுமினிய உறை இரண்டாகப் பிரியும். ஸ்டேட்டரின் செம்புச் சுருளை ஒரு பக்கம் கிரைண்டரால் அறுத்து, மறுபக்கம் துருத்தி நிற்கும் வளையத்தைக் கம்பியால் நெம்பி இழுக்கலாம். வருவது எனாமல் பூசிய செம்பு. பளபளக்கும் வெறும் கம்பியின் விலை அதற்கு வராது. ரோட்டருக்குள் இருக்கும் சுருளைத் தொடாதீர்கள், அந்த இரும்பு நகங்களைப் பிரிப்பது வீண் உழைப்பு. ஒரு எளிய கணக்கு: பிரித்த உலோகங்களின் மொத்த விலையிலிருந்து பிரிக்காத ஆல்டர்னேட்டரின் விலையைக் கழிக்கவும். மிச்சம் 4 வெள்ளி (ரிங்கிட்), வேலை அரை மணி என்றால் மணிக்கு 8 வெள்ளி. அறுக்கும் டிஸ்க் தேய்மானம் வேறு. இரண்டு மூன்று மட்டும் இருந்தால் முழுசாக விற்பதே மேல். ஸ்டார்ட்டருக்கும் இதே முடிவுதான். அதிலும் நிரந்தரக் காந்தம் வைத்த ரகத்தில் செம்பு இன்னும் குறைவு.

வயரில் பேட்டரி கேபிள் போன்ற தடித்ததை மட்டும் உரியுங்கள். மெல்லிய வயருக்கு கனெக்டரை வெட்டி எறிந்தால் போதும். எரித்துச் செம்பு எடுக்கும் பழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. கருகிய செம்புக்கு விலை குறையும், பிவிசி புகை நச்சு, 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தர சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதையே தடுக்கிறது. அக்கம்பக்கத்தில் குழந்தைகள் இருக்கும் தாமானில் (குடியிருப்பில்) இதைச் செய்வது எந்த விலைக்கும் தகாது.

பேட்டரியை நிமிர்த்தியே வையுங்கள், ஆசிட்டைக் கொட்டாதீர்கள். செத்த பேட்டரியும் எஸ்டபிள்யூ102 என்ற அபாயக் கழிவு, கடை முழு பேட்டரியாகத்தான் நிறுக்கும். புதிய பேட்டரி வாங்கும் நேரமென்றால் பழையதற்குக் கழிக்கும் தொகையையும் எடை விலையையும் ஒப்பிட்டுக் கொடுக்கலாம். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் கிடைத்தால் அறுக்கவே வேண்டாம். உள்ளே பீங்கான் தேன்கூட்டில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. வாங்குபவர் மேலே பொறித்த எண்ணைப் பார்த்துத் துண்டுக்கு விலை சொல்வார். உடைந்து பொடி சிந்தினால் விலையும் சிந்தும்.

விற்கும் நாளுக்கு முன் மூன்று கடைகளுக்காவது போன் போட்டு ரகம் ரகமாகக் கேளுங்கள்: தெம்பாகா மேரா (செம்பு), தெம்பாகா கூனிங் (பித்தளை), ரிம், ஹெட், ரேடியேட்டர், பெசி (இரும்பு). "அலுமினியம் எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். லண்டன் உலோகச் சந்தை விலையும் ரிங்கிட் மதிப்பும் சேர்ந்து அசைவதால் போன வாரத்து விலையை நம்ப முடியாது. சீனப் பெருநாளை ஒட்டிப் பல கடைகள் நாள்கணக்கில் மூடும், அந்தச் சமயம் அவசரப்பட வேண்டாம். ஒவ்வொரு மூட்டையையும் வீட்டிலேயே தொங்கு தராசில் நிறுத்து, மார்க்கரால் எடையை எழுதிவிடுங்கள். கடைத் தராசில் ஏற்றுமுன் சுழியம் காட்டுகிறதா, முத்திரை ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பார்த்து, விலை உயர்ந்ததை முதலில் நிறுக்கச் சொல்லுங்கள். பினாங்குத் தீவிலிருந்து வருபவர்கள் பாலத்தில் திரும்பும்போது கட்டும் டோலையும் கணக்கில் சேர்க்க வேண்டும், சின்ன மூட்டைக்குத் தீவிலுள்ள ஜெலுத்தோங் பக்கமே விசாரிப்பது லாபம்.

இன்னும் பிரிக்காமல் இருப்பவை: ஏர்கோன் கம்ப்ரசர் முழுசாகவே போகும், எண்ணெய் மட்டும் வடிய வேண்டும். காரில் இன்னும் மாட்டியிருக்கும் கம்ப்ரசர் என்றால் கேஸை ஏர்கோன் கடையில் இழுத்த பிறகே குழாயைத் தொடலாம். அப்சார்பர்களில் அழுத்தக் கேஸ் இருப்பதால் கிரைண்டர் கிட்டே போகக்கூடாது. மூடிய உருளையை எடுக்கும் கடை எது என்று கேட்ட பிறகு அடுத்த லோரியில் ஏறும். பழைய பெட்ரோல் டாங்கி ஒன்றும் மூலையில் கிடக்கிறது. காலியாக இருந்தாலும் உள்ளே ஆவி நிற்கும், ஒரு பொறி போதும் வெடிக்க. அதை அறுக்காமல் முழுசாகவே எடுக்கும் கடைக்குத்தான் கொடுக்க வேண்டும்.