வெயிலூரில் ஒன்பது

2021 மே. கத்திரி வெயிலும் கொரோனா இரண்டாம் அலையும் சேர்ந்து வந்த மாதம். வேலூரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருந்தேன். கொரோனா எவ்வளவு தீவிரம் என்று பார்க்க எடுக்கும் சிஆர்பி, ஃபெரிட்டின், டி-டைமர் வரிசையில் வைட்டமின் டி-யையும் கேட்க ஆரம்பித்திருந்தார்கள். டி குறைந்தவர்களுக்குத்தான் மூச்சுத் திணறுகிறது என்று வாட்ஸப்பில் சுற்றியது. நானும் நம்பினேன். ஆக்சிஜனில் இருந்தவர்களின் ரிப்போர்ட்டில் டி 20-ஐத் தாண்டியதே அபூர்வம்; 20-க்குக் கீழே என்றால் குறைவு. ஆனால் புதுக் கிட்டைச் சரிபார்க்க என் ரத்தத்தைப் போட்டபோது எனக்கு 14. காய்ச்சல்கூட வராதவன் நான்.

குடியாத்தத்துப் பீடி சுற்றும் அம்மா ஒருவருக்கு 9 வந்தது. மகனுக்குப் போன் போட்டேன். "வெயிலூர்ல இருக்கோம் சார், எங்கம்மாவுக்கு வெயில் குறைவா?" என்றார். விடிந்ததிலிருந்து முறத்தை மடியில் வைத்து வீட்டுக்குள்ளேயே இலை சுருட்டுகிறவருக்கு வெயில் ஏது? தோலில் டி உருவாக உச்சிவெயில் வேண்டும். கருத்த தோலுக்கு இன்னும் கூடுதல் நேரம். அந்த நேரத்தில் எங்கள் ஊரில் நாய்கூடத் தெருவுக்கு வராது.

உடம்பில் அழற்சி கிளம்பினாலே டி அளவு இறங்கும் என்று எங்கள் டாக்டர் பிறகுதான் சொன்னார். பிரேசிலில், கொரோனாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தவர்களுக்கு ஒரே தடவையில் 2 லட்சம் யூனிட் டி கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ரத்தத்தில் அளவு ஏறியது. வீடு திரும்பும் நாள் முந்தவில்லை. அந்த முடிவு 2021 தொடக்கத்திலேயே வெளிவந்துவிட்டது. எங்கள் கவுன்ட்டர்வரை வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

அந்த அம்மா பிழைத்து வீடு திரும்பினார். வாரம் ஒன்று என்று எழுதிக் கொடுத்த 60,000 யூனிட் டி பாக்கெட்டை, சீக்கிரம் தேறட்டும் என்று மகன் தினமும் பாலில் கலந்து கொடுத்திருக்கிறார். ஒன்றரை மாதத்தில் வாந்தி, மலச்சிக்கல், ஓயாத தாகம். ரத்தத்தில் கால்சியம் 13, இருக்க வேண்டியதைவிட மிக அதிகம். டி-யைக் கருவியால் அளக்கவே முடியவில்லை, '150-க்கு மேல்' என்று காட்டி நின்றுவிட்டது. பாக்கெட்டை நிறுத்தி, சலைன் ஏற்றி, கால்சியத்தை இறக்கினார்கள். கொழுப்பில் தங்கிய டி மட்டும் மாதக்கணக்கில் மெதுவாகத்தான் இறங்கியது.

மகனை மட்டும் குறை சொல்ல மாட்டேன். "ரொம்ப ரொம்பக் குறைவு, உடனே பாருங்க" என்று போனில் பதறியவன் நான். அதைச் சொல்வது என் வேலையே இல்லை.

டிசம்பரில் அந்த அம்மா மறுபடி வந்தார். நரம்பு தேடிக்கொண்டிருந்தபோது கேட்டார்: "தம்பி, இந்த வாட்டி ஏறணுமா, இறங்கணுமா?"

"இறங்கணும்மா."

"அன்னைக்கு இறங்கிடுச்சுன்னுதானே அவ்ளோ பயமுறுத்தினீங்க?"