மதுரைக்கு வந்த முழுப்பரீட்சை லீவு

ஏப்ரல் 27, 2025, ஞாயிறு

தம்பி பிள்ளைகள் காலை பாண்டியனில் வந்து இறங்கிவிட்டார்கள். பெரியவளுக்கு 11 வயது, சின்னவனுக்கு 8. துணிப் பையைவிட ஒர்க்புக் பைதான் கனம். கூடவே தம்பி மனைவி எழுதிக்கொடுத்த டைம்டேபிள்: அபாகஸ், இந்தி, கையெழுத்து, மறுபடி அபாகஸ். வாங்கி பீரோவில் வைத்துவிட்டேன். முதலில் தூங்கட்டும். இந்த வயதுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். ஸ்கூல் வேனுக்காக விடியுமுன் எழும் பிள்ளைகளுக்கு அது எங்கே கிடைத்திருக்கும்?

ஏப்ரல் 30, புதன்

"அத்தை, போரடிக்குது." காலையிலிருந்து இதே பாட்டு. நான் காதில் வாங்கவில்லை. செல்போன் சாயங்காலம் ஒரு மணி நேரம்தான் என்று வந்த அன்றே பேசியாயிற்று, அதில் பேரம் கிடையாது.

பத்து மணிவாக்கில் சின்னவன் அப்பத்தா பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அப்பத்தா என்றால் என் அம்மா. அவள் ஒரு கரித்துண்டை எடுத்துத் திண்ணையில் ஆடுபுலிக் கட்டம் போட்டாள். புலிக்கு 3 கூழாங்கல், ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை. இவனுக்குப் புலிதான் வேண்டுமாம். முதல் இரண்டு ஆட்டை வெட்டிவிட்டு ஒரே ஆர்ப்பாட்டம். அம்மா அசரவில்லை, ஒவ்வொரு ஆட்டுக்குப் பின்னாலும் இன்னொன்றை இறக்கிக்கொண்டே வந்தாள். தாண்டிப்போய் உட்காரக் காலியிடம் இருந்தால்தானே புலியால் வெட்ட முடியும்? கடைசியில் மூன்று புலியும் நகர வழியில்லாமல் நின்றன. "ஆடு எப்படி அப்பத்தா ஜெயிக்கும்?" என்று பெரிய சண்டை. தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த பெரியவள் அடுத்த ஆட்டத்துக்கு ஆட்டுப் பக்கம் வந்துவிட்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டைதான் வறண்டது.

மே 4, ஞாயிறு

கத்திரி ஆரம்பம், 28 வரைக்கும் இருக்கிறது. பதினொன்றிலிருந்து நாலு மணி வரை வெளியே ஆட்டம் இல்லை. குடிக்கப் பானைத் தண்ணீர், கொறிக்க வெள்ளரிப்பிஞ்சு, வண்டி வந்தால் நுங்கு. கலர் பாட்டில் வீட்டுக்குள் வராது.

இன்று கூழ் வடகம். பள்ளிக்கூட நாளில் ஆறு மணிக்கு எழுப்பினால் அழும் சின்னவன், ஐந்தரைக்குத் தானாக மாடியில் நிற்கிறான்! காரணம் பக்தி இல்லை, பச்சைமிளகாயும் பெருங்காயமும் போட்ட சுடு கூழ். அச்சில் போனது பாதி, வயிற்றில் போனது பாதி. பெரியவள் வேட்டியில் வரிசையாகப் பிழிந்தாள். பகலில் காக்கா விரட்டுவது நிழலில் இருந்தபடி, முறை வைத்து.

மே 11, ஞாயிறு

நாளைக்கு அழகர் ஆற்றில் இறங்குகிறார். அந்த நெரிசலுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக எனக்குத் தைரியம் கிடையாது, டிவியில் பார்த்துக்கொள்ளலாம். அதற்குப் பதிலாக இன்று காலையே மூன்றுமாவடிக்குப் போய், அழகரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவை பார்த்தோம். இரண்டு பேர் கையிலும் பேனாவால் என் நம்பரை எழுதிவிட்டேன். சர்க்கரைச் சொம்பில் சூடம் ஏற்றி நின்றவர்களைப் பார்த்து, "சொம்பு சுடாதா?" என்று கேட்டுக்கொண்டே வந்தான். வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல், ஒன்றையும் விடவில்லை. வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரை தூக்கம்.

மே 21, புதன்

நத்தம் ரோட்டில் கலைஞர் நூற்றாண்டு நூலகம். 2023 ஜூலையில் திறந்தது. குழந்தைகள் பிரிவு ஜிலுஜிலுவென்று இருக்கிறது, வெயில் நேரத்துக்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பெரியவள் ஒரு புத்தகத்தோடு மூலையில் ஒதுங்கிவிட்டாள். சின்னவன் படம் மட்டும் பார்த்தான். பார்க்கட்டும், பரீட்சையா வைக்கப் போகிறேன்?

ராத்திரி தம்பி மனைவியிடமிருந்து போன். "மதினி, கணக்கு எத்தனை பக்கம் முடிச்சிருக்காங்க?" ஒரு பக்கமும் இல்லை என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று ஐ.நா.வின் 1989 உடன்படிக்கையில் 31ஆம் பிரிவே இருக்கிறது, 1992இல் நம் நாடும் அதை ஏற்றுக்கொண்டது என்று சட்டம் பேசினேன். "சட்டம் சரி மதினி, ஜூன்ல டீச்சர்கிட்ட நான்தானே நிக்கணும்" என்றாள். அதுவும் நியாயம்தான். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில், கதவைப் பூட்டிவிட்டுப் போக முடியாமல்தான் சம்மர் கேம்ப்பில் சேர்க்கிறார்கள். திண்ணையும் அப்பத்தாவும் இருக்கிற வீட்டில் உட்கார்ந்து அவர்களைக் குறை சொல்வது எளிது. தினம் அரைப் பக்கம் கணக்கு, காலை இட்லிக்கு முன்னால், என்று பேசி முடித்தோம்.

மே 29, வியாழன்

கத்திரி முடிந்தது. கேரளாவில் 24ஆம் தேதியே மழை தொடங்கிவிட்டதால் இங்கும் காற்று மாறியிருக்கிறது. ஜூன் 2 பள்ளி திறப்பு. இந்த வாரம் முழுக்க ராத்திரிப் படுக்கையைக் கால் மணி கால் மணியாக முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறேன். இல்லாவிட்டால் முதல் நாள் வேனில் தூங்கி வழிவார்கள்.

வடகம் ஒரு டப்பா கட்டியாயிற்று. புளியங்கொட்டையும் வேண்டுமாம், வகுப்பில் ஆடுபுலி சொல்லிக்கொடுக்கப் போகிறானாம். நாளைக்கு இவனுக்கு முடி வெட்டிவிட வேண்டும். சனிக்கிழமை ராத்திரி ரயில்.