11 வருடம் டிஷ் திருப்பியவன் பரீட்சை எழுதின கதை

ராமநாதபுரம் பக்கம் ஏடிஎம் மொட்டை மாடிகளில் விசாட் டிஷ் (செயற்கைக்கோள் வழியாக ஏடிஎம்மை வங்கியோடு இணைக்கும் சிறிய ஆன்டெனா) மாட்டுவதுதான் 11 வருடமாக என் பிழைப்பு. வெளிநாட்டு வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்தபோது, "ஜிவிஎஃப் சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டார்கள். ஜிவிஎஃப், அதாவது குளோபல் விசாட் ஃபோரம், 1997-ல் தொடங்கிய, செயற்கைக்கோள் தகவல்தொடர்புத் துறையினரின் சர்வதேச அமைப்பு. கோணலாகத் திருப்பிய டிஷ் பக்கத்துச் செயற்கைக்கோளின் சிக்னலையும் கெடுக்கும் என்பதால், பொருத்துகிறவர்களைப் பழக்கிச் சான்று கொடுக்கிறார்கள்.

பாடம் இணையவழிதான். எல்லாம் ஆங்கிலம். தமிழ் மீடியம் டிப்ளமோக்காரனான எனக்கு முதல் வாரம் அகராதியோடு போனது. கணக்கு மட்டும் பிடித்துப்போனது. 83 பாகை கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கும் ஜிசாட்-10 செயற்கைக்கோளை எங்கள் ஊரிலிருந்து பார்க்க ஏற்றக்கோணம் (அடிவானத்திலிருந்து மேல்நோக்கிய கோணம்) சுமார் 78 பாகை. கிட்டத்தட்ட தலைக்கு மேல். அந்த உயரத்தில் டிஷ்ஷை இடம் வலமாக 5 பாகை திருப்பினாலும் கற்றை வானத்தில் 1 பாகைதான் நகரும். இது தெரியாமல், கிளாம்ப் லூஸ் என்று எத்தனை நட்டுகளைத் திட்டியிருப்பேன்!

போலரைசேஷனும் (சிக்னல் அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது) அப்படித்தான். ஹப் என்கிற மைய நிலையத்திலிருந்து போனில் "கொஞ்சம் கிளாக்வைஸ், போதும், நிறுத்துங்க" என்பார்கள். நானும் டிஷ்ஷுக்கு முன்னால் சிக்னலை அனுப்பி வாங்கும் ஃபீடைத் திருப்புவேன். நான் அனுப்பும் கேரியர் சிக்னல், அதற்குச் செங்குத்தான குறுக்குத் தளத்தில் எவ்வளவு கசிகிறது என்றுதான் அவர்கள் அளக்கிறார்கள் என்பது பாடத்தில்தான் விளங்கியது.

செய்முறைத் தேர்வு சென்னையில், வெயிலில். மீட்டர் உச்சத்துக்கு வந்ததும் நட்டை இறுக்கிவிட்டேன்.

"தம்பி, உச்சின்னு எப்படித் தெரியும்?" என்றார் தேர்வாளர்.

"நம்பர் அதுக்கு மேல ஏறலை சார்."

"உச்சி தட்டையா இருக்குமே. அதுல எந்த ஓரத்துல நிக்கிறீங்க?"

பதில் இல்லை. அன்று தேறவில்லை. வேண்டுமென்றே ஒரு பக்கம் திருப்பிச் சிக்னலைக் குறைத்து அடையாளம் போடணும். எதிர்ப்பக்கம் அதே அளவு குறையும் இடத்தில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நிறுத்தணும். பாடத்தில் படித்ததுதான், பழக்கதோஷத்தில் கை கேட்கவில்லை. மறுமுறை மார்க்கர் பேனாவைக் காதில் செருகிக்கொண்டே ஏறினேன். தேறினேன்.

ஊர் திரும்பியதும் நானே மாட்டிய பழைய டிஷ் ஒன்றை அதே முறையில் சோதித்தேன். இரண்டு கோடு போட்டுப் பார்த்தால், என் நட்டு நின்றது வலது கோட்டை ஒட்டி.