சித்தியின் கம்ப்யூட்டருக்கு வாங்கியதும் வாங்காததும்

எங்கள் சித்தி கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறையில், வீட்டு முன்னறையிலேயே டிடிபி (கம்ப்யூட்டரில் பக்கம் வடிவமைக்கும்) வேலை செய்கிறார். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூடக் கேள்வித்தாள், கண்ணீர் அஞ்சலி என்று எது வந்தாலும் அடித்துக் கொடுப்பார். பாதி தமிழ், பாதி மலையாளம். எங்கள் பக்கம் ஒரே வீட்டுக் கல்யாணத்துக்கு இரண்டு மொழியிலும் பத்திரிகை அடிப்பது சாதாரணம். 2025 டிசம்பரில் உள்ளாட்சித் தேர்தல் வந்தபோது வார்டுக்கு வார்டு இரண்டு மொழி நோட்டீஸ் குவிந்துவிட்டது. கம்ப்யூட்டர் ஒத்துழைக்கவில்லை.

"ஒரு வரி அடிச்சிட்டுப் போயி அடுப்பப் பாத்துட்டு வந்தாத்தான் எழுத்து வருது கண்ணு. புதுசே வாங்கிரலாமா?" என்று போனில் கேட்டார்.

"இருங்க சித்தி, வந்து பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

பாகம் வாங்கித் தரச் சொல்லி உறவில் யார் கேட்டாலும் நான் முதலில் விலைப்பட்டியலைத் திறப்பதில்லை. அந்த ஆள் வேலை செய்யும்போது பின்னால் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன். எந்த இடத்தில் காத்திருக்கிறார், எதைத் திறந்தால் திணறுகிறது, எது இல்லாமல் அவருக்கு வேலை நடக்காது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். சித்தி விஷயத்தில் அப்படி உட்கார்ந்ததுதான் வாங்க வேண்டிய பட்டியலையே மாற்றியது.

முதலில் மெஷின். இன்டெல் கோர் ஐ3 4150, ஹெச்81 மதர்போர்டு, 4 ஜிபி டிடிஆர்3 ரேம் ஒன்று, 500 ஜிபி ஹார்டு டிஸ்க். வாங்கியபோது விண்டோஸ் 7 இருந்தது. 2015இல் மைக்ரோசாப்ட் இலவசமாகக் கொடுத்த அப்கிரேடில் விண்டோஸ் 10 ஆனது. பழையது 32 பிட் என்பதால் புதியதும் 32 பிட்டாகவே வந்து உட்கார்ந்திருந்தது. இது முக்கியம், பிறகு வருகிறேன்.

சித்தி காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு வாசல் தெளிக்கப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது திரை வந்திருக்கும், ஆனால் எதையும் தொட முடியாது. பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் மென்பொருள் திறக்கிறது. அது ஒன்றை மட்டும் வைத்து வேலை செய்யும்வரை பெரிய சிக்கல் இல்லை. வாடிக்கையாளர் மேட்டரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். அதற்காக குரோமில் வாட்ஸ்அப் வெப்பைத் திறந்த உடனே எல்லாம் உறைந்துபோகிறது. அந்த நேரத்தில் டாஸ்க் மேனேஜரைப் பார்த்தேன். டிஸ்க் 100 சதவீதம், மெமரி நிறைந்து வழிகிறது, பிராசஸரோ இருபதைத் தாண்டவில்லை. பிராசஸர் சும்மா இருக்கிறது, டிஸ்க் எப்போது கொடுக்கும் என்று.

ஹார்டு டிஸ்க் ஏன் இவ்வளவு தாமதம் என்பதற்கு எளிய கணக்கு இருக்கிறது. நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் நொடிக்கு 120 சுற்று, ஒரு சுற்றுக்கு சுமார் 8 மில்லிநொடி. தேவையான இடம் ஊசிக்கு அடியில் வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். அதற்கு முன் ஊசி அந்தத் தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் சேர்த்தால் பத்து மில்லிநொடிக்கு மேல் போய்விடும். அதாவது சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னத் துண்டுகளை நொடிக்கு நூறுகூட எடுக்க முடியாது. டிடிபி கம்ப்யூட்டரில் நூற்றுக்கணக்கில் எழுத்துருக்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு சின்ன பைல். போதாததற்கு, ரேம் நிறைந்தால் விண்டோஸ் மிச்சத்தை அதே டிஸ்க்கில் கொண்டுபோய் எழுதி, பிறகு திருப்பி வாசிக்கும். ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்களில் சேமிக்கும் எஸ்எஸ்டியில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் ஊசியும் இல்லை. இதே சிதறல் வாசிப்பை நொடிக்குப் பல ஆயிரக்கணக்கில் செய்துவிடும். ஆகவே முதல் பாகம் எஸ்எஸ்டி. அதில் இரண்டாவது யோசனையே இல்லை.

ஆனால் எந்த எஸ்எஸ்டி? கடையில் இப்போது முதலில் காட்டுவது பபுள்கம் பட்டை அளவில் இருக்கும் எம்.2 என்விஎம்இ வகையை. ஹெச்81 போர்டுகளில் பொதுவாக அதற்கான இடமே கிடையாது. அடாப்டர் கார்டு போட்டுச் செருகினாலும் அந்தப் பழைய போர்டுகளின் பயாஸ் (கம்ப்யூட்டரைத் துவக்கும் மென்பொருள்) பொதுவாக அதிலிருந்து விண்டோஸைத் துவக்காது. பழைய ஹார்டு டிஸ்க் செருகியிருக்கும் அதே சாட்டா இணைப்பில் செருகும் 2.5 அங்குல வகைதான் சரி. வேகம் நொடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும். சித்திக்கு அது தாராளம். ஹெச்81இல் நான்கு சாட்டா போர்ட்டில் இரண்டுதான் 6 ஜிகாபிட், மற்ற இரண்டும் 3. போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து 6இல் செருக வேண்டும்.

அளவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பொள்ளாச்சிக் கடையில் 480 ஜிபி ஒன்றை எடுத்து வைத்து, "500க்கு பதிலா இதையே போட்டுக்கங்ணா, ரெண்டும் ஒண்ணுதான்" என்றார்கள். புதிதாக விண்டோஸ் போடுவதாக இருந்தால் ஒன்றுதான். பழைய 500 ஜிபி டிஸ்க்கை அப்படியே க்ளோன் செய்வதாக இருந்தால் ஒன்றல்ல. க்ளோன்ஜில்லா போன்ற மென்பொருள், சேருமிடம் மூலத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருக்க வேண்டும் என்று கேட்கும். 480இல் போட வேண்டுமென்றால் முதலில் பார்ட்டிஷனைச் சுருக்கி, அப்புறம் பிரித்துப் பிரித்து நகல் எடுக்க வேண்டும். 500 ஜிபியே கேட்டு, சித்தி பெயரில் பில் போட்டு வாங்கினேன். வாரண்டிக்குப் பில் முக்கியம்.

ஏன் க்ளோன், ஏன் புதிதாகப் போடவில்லை? சித்தியின் பிழைப்பே அந்த பழைய விண்டோஸுக்குள் இருக்கிறது. பேஜ்மேக்கர் 7, அது 2001இல் வந்தது, அதற்குப் பிறகு அடோபி அதில் சின்னத் திருத்தங்களைத் தவிரப் புதிய பதிப்பு விடவில்லை. மலையாளத்தில் அடிக்க ஐஎஸ்எம் மென்பொருள், அதோடு வரும் கார்த்திகா, ரேவதி எழுத்துருக்கள். தமிழுக்கு பாமினி எழுத்துரு. இவை எதுவும் எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு முறையில் இல்லை. பத்து வருஷத்துப் பத்திரிகை பைல்கள் எல்லாம் இந்த எழுத்துருக்களை நம்பித்தான் இருக்கின்றன. சித்திக்கு விரல் பழகியதும் இந்த விசைப்பலகைதான். "எல்லாத்தையும் மாத்திரலாம் சித்தி, யூனிகோடுதான் நல்லது" என்று அவரிடம் சொல்வது அநியாயம் என்று நினைக்கிறேன். ஐம்பது வயதில், தினமும் வேலை வந்துகொண்டிருக்கும்போது, கை பழகிய ஒன்றைப் பிடுங்கக் கூடாது. சிடிக்களும் எங்கே போயின என்று தெரியாது. அதனால் அந்த விண்டோஸ் ஒரு பைல்கூட மாறாமல் அப்படியே எஸ்எஸ்டிக்கு வர வேண்டும்.

இப்போது ரேம். 4 ஜிபியை 8 ஆக்கினால் போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். 32 பிட் விண்டோஸில் அது வீண். 32 பிட்டால் எண்ண முடிகிற முகவரிகள் மொத்தமே 4 ஜிபி. அதிலும் கிராபிக்ஸுக்கும் மற்ற சாதனங்களுக்கும் போக மிச்சம் மூன்று சொச்சம். 8 போட்டாலும் 16 போட்டாலும் விண்டோஸ் 10 அந்த மூன்று சொச்சத்தைத்தான் பயன்படுத்தும். பேஜ்மேக்கருக்கு அதுவே ஏராளம், அது எழுதப்பட்ட காலத்தில் 128 எம்பி ரேம் வைத்தே ஆட்கள் புத்தகம் போட்டார்கள். ரேமைத் தின்பது பிரவுசர்.

இன்னொரு பக்கம், விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்திவிட்டது. வீட்டுக் கணினிகளுக்கு நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11க்கு இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், 64 பிட் மட்டும்தான். சித்தியுடையது நான்காம் தலைமுறை. அந்தக் கதவு மூடியாயிற்று.

தீர்வைச் சொன்னது தங்கை, சித்தியின் மகள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் ஒன்பதாவது படிக்கிறாள். கேரள அரசுப் பாடத்திட்டப் பள்ளிகளில் ஐசிடி எனும் கணினிப் பாடம் முழுக்க கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. ஐடி அட் ஸ்கூல் என்று இருந்த திட்டம் 2017இல் கைட் என்ற நிறுவனமானது. லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளத்தை அவர்களே தயாரித்துப் பள்ளிகளுக்குக் கொடுக்கிறார்கள். பாடப்புத்தகம் மலையாளம், ஆங்கிலம், தமிழ், கன்னடம் நான்கிலும் வருகிறது. லிப்ரே ஆபீஸும் ஜிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் பைத்தானும் இவளுக்குப் பள்ளியிலேயே பழக்கம். "அண்ணா, எங்க ஸ்கூல்ல இருக்கறதே போட்டுத் தாங்க, நான் அம்மாவுக்குச் சொல்லித் தர்றேன்" என்றாள். ஒரு மாநிலம் இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததன் பலன் ஒரு டிடிபி வீட்டின் முன்னறையில் கைக்கு வந்ததில் எனக்கு உண்மையான சந்தோஷம்.

ஆக ஒரே எஸ்எஸ்டியில் இரண்டு இயங்குதளம். விண்டோஸில் இணையத்தை முழுவதுமாகத் துண்டித்துவிட்டேன். அங்கே பேஜ்மேக்கர் மட்டும். வாட்ஸ்அப், பேங்க், மெயில், தங்கையின் படிப்பு எல்லாம் 64 பிட் லினக்ஸில். கூடுதல் ரேம் பயன்படப்போவது அங்கேதான். விண்டோஸில் பிடிஎஃப் ஆகச் சேமித்ததை லினக்ஸில் இருந்தே திறந்து பிரஸ்ஸுக்கு அனுப்பலாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை மட்டும் அணைக்க வேண்டும். இல்லையென்றால் விண்டோஸ் பாதி உறக்கத்தில் இருக்கும், லினக்ஸால் அந்தப் பகுதியில் எழுத முடியாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற ரீஸ்டார்ட் வேண்டும். ஹார்டு டிஸ்க்கில் இந்த யோசனையைச் சொல்லவே முடியாது. எஸ்எஸ்டியில் ஒரு நிமிடத்துக்குள் ஆகிறது. சித்தி மேட்டரை எல்லாம் காலையில் லினக்ஸில் இறக்கி வைத்துவிட்டு, அப்புறம் விண்டோஸுக்குப் போய் மதியம்வரை அடிக்கிறார்.

ரேம் வாங்கும்போது கவனிக்க வேண்டியது, போர்டில் இரண்டு ஸ்லாட், ஒன்று காலி. ஏற்கெனவே இருப்பதைப் போலவே 4 ஜிபி, 1600 வேகம் உள்ள டிடிஆர்3 ஒன்றைச் சேர்த்தால் இரண்டு சேனலும் வேலை செய்யும். டிடிஆர்4இல் வெட்டு வேறு இடத்தில் இருக்கும், நுழையாது. லேப்டாப் ரேம் நீளம் குறைவு, அதுவும் ஆகாது. 2025 கடைசியில் இருந்து ரேம் விலை தாறுமாறாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்களுக்கே தயாரிப்பாளர்கள் முதலிடம் கொடுக்கிறார்கள். மைக்ரான் தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக அந்த டிசம்பரில் அறிவித்தது. புது போர்டு, புது பிராசஸர் என்று போயிருந்தால் புது ரேமும் வாங்கியே ஆக வேண்டும், பட்ஜெட் அங்கேயே உடைந்திருக்கும். அலுவலகக் கம்ப்யூட்டர்களில் இருந்து கழற்றிய பழைய டிடிஆர்3 இன்னும் கைக்கெட்டும் விலையில் கிடைக்கிறது. பழையதென்றால் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் போட்டு ஒரு ராத்திரி ஓடவிட்டுத்தான் நம்ப வேண்டும். ஓடவிட்டேன், பிழை எதுவும் இல்லை.

மூன்றாவது பாகம் மிகச் சின்னது. சிஆர்2032 பேட்டரி. பேங்க் தளம் திறக்கவில்லை, வைரஸாக இருக்கும் என்று யாரோ சித்தியிடம் சொல்லியிருந்தார்கள். பார்த்தால் கரண்டை அணைத்துப் போடும் ஒவ்வொரு முறையும் தேதி பல வருஷம் பின்னால் போய்விடுகிறது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று பிரவுசர் தளத்தைத் தடுத்துவிடும். போர்டில் இருக்கும் அந்த 3 வோல்ட் பேட்டரியை மாற்றியதும் சரி.

கிராபிக்ஸ் கார்டு, பெரிய எஸ்எம்பிஎஸ் (கரண்ட் கொடுக்கும் பெட்டி), ஐ5 பிராசஸர் எதுவும் வாங்கவில்லை. காத்திருப்பு அங்கே இல்லை.

கேபினெட்டைத் திறந்தபோது ஃபேன் தெரியாத அளவுக்குத் தூசி. கரிசல் மண் உள்ள ஊர், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வேறு, ஜன்னலோரத்தில் வைத்த எதுவும் தப்பாது. பிரஷ்ஷால் தட்டி, பிராசஸர் மேல் காய்ந்து கிடந்த பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தேன். மேஜையை உள்சுவர்ப் பக்கம் மாற்றச் சொன்னேன்.

க்ளோன் செய்வதற்கு முன் பழைய டிஸ்க்கை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவில் பார்த்தபோது மஞ்சளாகக் காட்டியது. சி5 என்ற வரியில் பூஜ்யம் இல்லை. படிக்கத் தடுமாறும் செக்டர்கள் இருக்கின்றன என்று பொருள். இப்படிக் கண்டால் உடனே முக்கியமான பைல்களைத் தனியாக எடுத்துவிட வேண்டும், க்ளோன் அதற்குப் பிறகுதான். பத்திரிகை பைல்கள் இருந்த ஃபோல்டர் முழுவதையும் பென் டிரைவில் ஏற்றினேன். அப்புறம் க்ளோன்ஜில்லாவில், பிழை வந்தாலும் நிற்காமல் தொடரும் ரெஸ்க்யூ வசதியை வைத்து ஓடவிட்டேன். எல்லா எழுத்துருவும் வந்துவிட்டன, பேஜ்மேக்கர் எதுவும் கேட்காமல் திறந்தது.

அந்தப் பழைய டிஸ்க்கை பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளலாமா என்று சித்தி கேட்டார். மஞ்சள் காட்டிய டிஸ்க்கில் எதையும் நம்பி வைக்கக் கூடாது. வெளியில் இணைக்கும் ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்க வேண்டும். அதற்குச் சுற்றும் தட்டு வகையே போதும், அங்கே வேகம் தேவையில்லை. அது வரும்வரை ஒவ்வொரு சனிக்கிழமையும் லினக்ஸில் இருந்து அந்த வார பைல்களைப் பென் டிரைவுக்கு மாற்றுவது தங்கையின் பொறுப்பு.